என் கைபேசி ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயர்

1

கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்த நாளை நான் கேக் வெட்டிக் கொண்டாடவில்லை. கைபேசிக் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு, ஒரே பியானோ இசையைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு குரல் நடுநடுவே வந்து சொல்லிவிட்டுப் போனது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே என்று ரவையிடம் சொன்னேன். தனியாக இருக்கிற வீட்டில் ரவையிடம் பேசுவது ஒன்றும் தப்பில்லை.

மைசூரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கே போன் வாங்குகிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் போன் ஒரு கடையில், சிம் இன்னொரு கடையில். பிடிக்கவில்லை என்றால் சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இங்கே கைபேசிக் கம்பெனியே புத்தம் புதுப் போனை அடிமாட்டு விலைக்குத் தந்துவிடும். அதற்குப் பதிலாக இரண்டு வருடம் அவர்களோடுதான் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நடுவில் விலகினால், விட்டுக்கொடுத்த விலையில் மிச்சத்தை எடுத்து வை என்பார்கள். நிச்சயதார்த்த விருந்தைச் சாப்பிட்டுவிட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்றவரிடம் இலைக் கணக்குக் கேட்பது மாதிரிதான்.

போன வருடம் ஆசைப்பட்டு ஒரு நல்ல போனை அப்படி வாங்கினேன். இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை முறிக்கத்தான் இந்தப் பியானோ.

2

ஏன் முறிக்க வேண்டும்? மைசூருக்குத் திரும்புகிறேன். லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. நான் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனிக்கு மைசூரிலும் ஓர் ஆபீஸ் உண்டு. நானே எழுதிக் கேட்டேன், மாற்றல் கிடைத்துவிட்டது. இந்த விஷயம் என் மேலாளருக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்யப் போகிறேன் என்று வீட்டு உரிமையாளருக்குத் தெரியும். வேறு ஊரில் கல்லூரியில் படிக்கும் என் மகள் நித்யாவுக்குத் தெரியும். என் அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

அப்பாவின் பெயர் பழனிசாமி. வயது எழுபத்தாறு. பிறந்தது தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் கௌதள்ளிக் கிராமத்தில், உத்தியோகம் பார்த்தது முழுக்க மைசூரில். குவெம்புநகர் வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருடமாகிறது. அம்மா காரியத்துக்குப் போயிருந்தபோது, நான் இங்கேயே வந்துவிடட்டுமா என்று சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“இங்க பாரு கண்ணு. நானே சமைக்கறேன், நானே நடக்கறேன், கரண்டு பில்லு நானே கட்டறேன். எனக்காகன்னு நீ அங்கிருந்து கெளம்பி வந்தீன்னா, அன்னைக்கே வீட்டப் பூட்டிட்டு கௌதள்ளிக்கு பஸ் ஏறிருவேன். தம்பி ஊட்ல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது. சொல்லிட்டேன்.”

வாய்ப்பேச்சு என்று நினைக்க முடியாது. போன வருடம் அவருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் அவசரமாக டிக்கெட் பார்த்தேன். அதைத் தெரிந்துகொண்டவர், மறுநாள் கௌதள்ளிப் பக்கம் போகிற ஹனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு செல்பி எடுத்து அனுப்பினார். வீங்கின முழங்காலும் அதில் தெரிந்தது. நான் டிக்கெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் இறங்கினார், அதுவும் பாதி வழியில் கொள்ளேகால் போய்ச் சேர்ந்த பிறகு.

அதனால் இந்த முறை திட்டம் போட்டுச் செய்தேன். இங்கே வீடு, கார், போன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பெட்டியோடு போய் வாசலில் நிற்பது. திரும்பிப் போ என்றால் போவதற்கு இடம் இருக்கக் கூடாது. அப்பா நிஜமாகவே பஸ் ஏறிப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் திட்டத்தில் இடம் இல்லை. மகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று அவர் நினைத்துவிட்டால், அந்த வீட்டில் நான் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நித்யா இந்தத் திட்டத்துக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். அவளுடைய நம்பரும் முன்பு என் திட்டத்தில்தான் இருந்தது. கல்லூரி சேர்ந்த மாதமே, “அம்மா, நான் தனி பிளான் எடுத்துக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அதில் கோபம் கிடையாது, சண்டை கிடையாது. மாதாந்திர பில்லில் இரண்டு நம்பர் இருந்த இடத்தில் ஒன்று வந்தது, அவ்வளவுதான். அவளுடைய அப்பாவும் நானும் ஒன்பது வருடத்துக்கு முன்பே இதே போலச் சத்தமில்லாமல் பிரிந்தவர்கள். அந்த விஷயத்தில் எங்கள் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம்.

3

நாற்பதாவது நிமிடத்தில் டெனிஸ் என்ற பெண் எடுத்தார். நல்ல குரல், நல்ல பொறுமை. என் பெயர் செல்வி, முகவரி, ரகசிய எண் எல்லாம் சொன்னேன். தட்டச்சு ஓசை கேட்டது. பிறகு டெனிஸ் கேட்டார்:

“இந்தக் கணக்குக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மூடுவதற்கு இருவரும் சம்மதிக்க வேண்டும். மிஸ்டர் பலனிசாமி பக்கத்தில் இருக்கிறாரா?”

வறுத்த ரவை கருகியது அப்போதுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கனடாவில் என் இரண்டாவது நாள். தூக்கம் தெளியாத கண்ணோடு ஒரு வணிக வளாகத்தில் போன் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கட்டத்தில் என் பெயர், பிறந்த தேதி. அதற்குக் கீழே இன்னொரு பெயர், இன்னொரு பிறந்த தேதி. நான் யோசிக்கவே இல்லை. அப்பா பெயரை எழுதினேன், அவர் பிறந்த தேதியை எழுதினேன்.

நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன எழுதுவீர்கள்? எல்.கே.ஜி. அட்மிஷனில் தொடங்கி ரேஷன் கார்டு, நூலக அட்டை, ரயில்வே பாஸ், சிம் கார்டு வரை நம் ஊரில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் சொந்தப் பெயருக்குக் கீழே தந்தை பெயர் அல்லது கணவர் பெயர்தானே? தலைப்பைப் படித்தா எழுதுகிறோம்? கை தானாக எழுதிவிடும். அந்தத் தலைப்பு ‘இணை உரிமையாளர்’ என்று இருந்திருக்கிறது. “இவர் யார்?” என்று கடைக்காரர் கேட்டதும் நினைவுக்கு வந்தது. “என் அப்பா” என்றேன். இதென்ன கேள்வி, அப்பா பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர்தானே இருக்கும் என்று மனசுக்குள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டது வேறு நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நான் இப்படித்தான் இருந்தேன். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரியிடம் “மிஸ்டு கால் கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், எதற்காக எடுக்காமல் விட வேண்டும் என்று அவள் இரண்டு நாள் குழம்பியிருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் தடயம் வருடா வருடம் கண்முன்னால்தான் வந்தது. ஜூன் முதல் தேதி காலையில் கம்பெனியிடமிருந்து என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், பழனிசாமி!’ நம் ஊர்ப் பெயர்களைப் புரிந்துகொள்ளாமல் படிவத்தில் இருந்த அப்பாவின் பெயரையும் தேதியையும் என்னுடையவை என்று எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்து, அதை அப்பாவுக்கே தட்டிவிடுவேன். “பரவால்லியே, நல்ல கம்பெனி கண்ணு” என்பார். பன்னிரண்டு வருடமாகத் தன் வாடிக்கையாளரைத்தான் அந்தக் கம்பெனி வாழ்த்திக்கொண்டிருந்திருக்கிறது.

நேரில் வந்து அடையாள அட்டை காட்டலாம், இல்லாவிட்டால் குரலில் சம்மதம் சொல்லலாம் என்றார் டெனிஸ். நேரில் வருவதற்கு வழியில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெனிஸே கூப்பிடுவதாக ஏற்பாடு. மைசூரில் அப்போது மாலை ஆறரை.

4

அப்பாவிடம் என்ன சொல்வது? இங்கேதான் சிக்கல். வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் ‘ஒரு கையெழுத்து மாதிரிப்பா, யெஸ் சொல்லுங்க’ என்று முடித்துவிடலாம். என் அப்பா மைசூர் டெலிபோன் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர்.

ஒரு டெலிபோன் இணைப்புக்காக ஜனங்கள் வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இணைப்பு ஆணை வந்த நாளில் அப்பாவுக்கு மைசூர்பாகு டப்பா கொடுக்க வந்தவர்கள் உண்டு. அவர் வாங்கமாட்டார், அம்மாவுக்கு அதில் வருத்தம். புது இணைப்பு விண்ணப்பங்களைவிட அப்பா கவனமாகப் பார்த்தது சரண்டர் படிவத்தை. இணைப்பே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுக்கும் படிவம். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அது காலியாக இருந்தால் அப்பா வாங்கமாட்டார்.

ஒருமுறை பள்ளி விடுமுறையில் அவரோடு ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஒரு பெரிய மனிதர் ‘உபயோகமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அதைத் திருப்பி நீட்டினார். “ஸ்வாமி, உபயோக இல்ல அந்த்ரெ அது காரண அல்ல” என்று, உபயோகமில்லை என்பது காரணமாகாது எனக் கன்னடத்தில் பதமாகச் சொல்லி, ஏன் உபயோகமில்லை என்று கேட்டார். பிள்ளைகள் எல்லாம் பெங்களூர் போய்விட்டார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்து, அரை மணி நேரம் பேசிவிட்டு, படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இணைப்பு அப்படியே இருந்தது.

பிறகு எல்லோர் கைக்கும் கைபேசி வந்தது. சரண்டர் படிவங்கள் குவிந்தன. ஓய்வு பெறுகிற நாள் வரை அப்பா ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டுக்கொண்டிருந்தாராம். கூட வேலை செய்தவர்களுக்கு அவர் ஓய்வு பெற்றதில் நிம்மதி.

எங்கள் வீட்டு லேண்ட்லைன் மட்டும் ஹாலில் வெள்ளை விரிப்பு போட்ட ஸ்டூலில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் நச்சரித்தேன். எல்லோரும் கைபேசியில்தான் கூப்பிடுகிறோம், லேண்ட்லைனில் யாரும் பேசுவதில்லை, கொடுத்துவிடுங்கள் என்றேன். மூன்றாவது முறை சொன்னபோது, “ஆச்சு கண்ணு, குடுத்தாச்சு” என்றார். அவர் வாயால் அப்படிக் கேட்டதில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பிறகு அந்த நம்பரை நான் கூப்பிடவில்லை.

அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்லப் போகிறோமே என்று கூச்சமாக இருந்தாலும், ஒரு பொய்யைத் தயார் செய்தேன். வேறு கம்பெனியில் இதைவிட நல்ல சலுகை தருகிறார்கள், அதனால் இதை விடுகிறேன். எளிமையான பொய், சந்தேகம் வராது என்று நினைத்தேன்.

5

சனிக்கிழமை. மடிக்கணினியில் அப்பா, அதன் பக்கத்தில் ஸ்பீக்கரில் டெனிஸ். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகி, முடியை வகிடெடுத்துச் சீவி உட்கார்ந்திருந்தார். கனடாவில் தன் பெயரில் ஒரு கனெக்‌ஷன் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஆள் தரையில் இல்லை. நடைப்பயிற்சிக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

“பன்னெண்டு வருஷமா ஓனராம் நானு! ஒரு வார்த்த சொல்லியிருந்தா பில்லயாவது பாத்திருப்பேனே கண்ணு.”

டெனிஸ் வணக்கம் சொல்லி, பாதுகாப்புக்காகப் பிறந்த தேதி கேட்டார்.

“ஒரிஜினலா, ஸ்கூலா மேடம்?” என்றார் அப்பா, தன் கவுண்ட்டர் ஆங்கிலத்தில்.

“மன்னிக்கவும்?”

“டூ பர்த்டேஸ் மேடம். ஒன், மை மதர் நோஸ். அனதர் ஒன், ஹெட்மாஸ்டர் நோஸ்.”

டெனிஸ் பக்கம் இருமல் வருவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத் தேதியே போதும் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். ஜூன் முதல் தேதி சரியாக இருந்தது.

அடுத்து, போகாமல் இருந்தால் என்னென்ன தருவோம் என்று டெனிஸ் படிக்க ஆரம்பித்தார். அது அவர் வேலை. அப்பா ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

“கண்ணு, டேட்டா ரெண்டு மடங்கு தர்றாங்களாம். நல்லாத்தான் இருக்குது. வெச்சுக்கலாமே?”

“வேண்டாம்ப்பா. வேற கம்பெனியில இதவிட நல்லா தர்றாங்க. அங்க மாத்திக்கறேன்.”

அப்பா பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கவுண்ட்டரில் பார்த்திருக்கிறேன்.

“வேற கம்பெனிக்குப் போறதுன்னா நம்பரோட அப்படியே மாறிக்கலாம். சரண்டர் பண்ணோணும்னு இல்ல. நீ எதுக்கு நம்பரையே மூடறே?”

முப்பத்து நான்கு வருட சர்வீஸை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

“காரணம் சொல்லு கண்ணு. காரணம் இல்லாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்.”

“ஹலோ? லைனில் இருக்கிறீர்களா?” என்றார் டெனிஸ்.

“ஒன் மினிட் மேடம். ஆபீஸ் மேட்டர்” என்றார் அப்பா.

இனி ஒளிக்க முடியாது. சொன்னேன். “மைசூருக்கு வர்றேன்ப்பா. லீவுக்கில்ல. மாத்தல் வாங்கிட்டேன்.”

அப்பாவின் முகம் இறுகிப்போனது. ஹாலில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மடிக்கணினி வழியாகக் கேட்டது. எழுந்து போய்விடுவார், அலமாரிக்கு மேலே இருக்கிற பயணப்பையை எடுத்துவிடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“எனக்காகவா?”

“இல்லப்பா.”

“பொய் சொல்லாத.”

“இல்லப்பா, நெசமா இல்ல. எனக்காக.” அதற்கு மேல் எதையும் நான் தயார் செய்து வைத்திருக்கவில்லை, அதுவாகவே வந்தது. “நித்யா போயிட்டா. அவ நல்லா இருக்கா, அதுல ஒரு கொறையும் இல்ல. ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வந்தா, நான் ரவைகிட்டப் பேசிட்டிருக்கேன்ப்பா. போன வாரம் அதுவும் கருகிப்போச்சு. எனக்கு அங்க இருக்கணும்னு இருக்கு. கடைக்குப் போனா நாலு பேர் நின்னு பேசற ஊர்ல இருக்கணும்னு இருக்கு. நீங்க கௌதள்ளி பஸ் ஏறினாலும் நான் வரத்தான் போறேன். சாவிய மட்டும் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி என்ற இடத்தில் மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

“ரவைகிட்டயா பேசறே?”

“ஆமா.”

“அது என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதான் வர்றேன்.”

அவர் சிரித்தேவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவில்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் டெனிஸும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்து வைத்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“அப்ப, சொந்த விருப்பம்?”

“சொந்த விருப்பம்.”

“இது காரணம்.” பிறகு ஸ்பீக்கர் பக்கம் குரலை உயர்த்தினார். “மேடம், ஐ ஆம் பழனிசாமி, ஜாயின்ட் ஓனர். ஐ ஆம் அக்ரீயிங். ரீசன் இஸ் கரெக்ட். ப்ளீஸ் க்ளோஸ்.”

டெனிஸ் நன்றி சொன்னார். மிச்சம் வைத்திருந்த பதினான்கு மாதத்துக்கு ஒரு தொகை சொன்னார், நான் சரி என்றேன். இவ்வளவு நாள் பொறுத்த கம்பெனிக்கு அதைக் கொடுக்கலாம். கடைசியாக, இந்த நம்பர் மூடின பிறகு ஏதாவது பேச வேண்டியிருந்தால் செல்வியை எந்த நம்பரில் கூப்பிடுவது என்று கேட்டார்.

எனக்கு மைசூரில் நம்பர் ஏது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாட்டுக் குறியீடு, ஊர்க் குறியீடு, பிறகு ஒவ்வொரு இலக்கமாக, எதிரே இருப்பவர் எழுதி முடிக்க இடம் விட்டு, கவுண்ட்டரில் சொல்வது போலவே சொன்னார். மூன்றாவது இலக்கத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் நான் மனப்பாடம் செய்த முதல் நம்பர் அது. ஹாலில், வெள்ளை விரிப்பு போட்ட ஸ்டூலில் இருந்தது.

“அப்பா, அத சரண்டர் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே?”

அப்பா திரைக்கு வெளியே, ஸ்டூல் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“படிவமெல்லாம் எழுதிட்டேன் கண்ணு. காரணம்னு ஒரு கட்டம் இருக்குதல்ல, அதுல என்ன எழுதறதுன்னுதான் தெரியல.”